பாதிச் சவரம்

முழுநிலவைக் கண்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திய காலம் ஒன்று எனக்கு இருந்தது. எங்கள் பகுதியில் அப்படிப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். மற்ற எல்லோருக்கும் நிலவு வேண்டியிருந்தது. இரணைமடு வாய்க்கால் ஓரமாக அரசாங்கம் காணி வெட்டிக் கொடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய காலம் அது. மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. இருட்டுக் காலத்தில் வழியில் யானை நின்றால் அதன்மேல் முட்டிய பிறகுதான் தெரியும். நிலவு காலத்தில் என்றால் தூரத்திலேயே கண்டு, மரியாதையாக வேறு வழி பார்த்துப் போகலாம். ஆகவே நல்லது கெட்டது எதற்கும் சனம் வளர்பிறை பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்பும்.

படக்கொட்டகைக்காரருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அறுவடை தொடங்கி ஆட்களின் கையில் கொஞ்சம் காசு புழங்கும் மாசி மாதத்தில், அவர் தகரமும் தென்னங்கிடுகும் இயந்திரமுமாக லொறியில் கிளிநொச்சிக்கு வந்து இறங்குவார். வளர்பிறையில் கொட்டகை எழும்பும், தேய்பிறை முற்றுவதற்குள் கழன்றுவிடும். பஞ்சாங்கம் பார்ப்பதில் கோயில் குருக்களே அவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்று ஐயா சொல்வார். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு எட்டு வயதான அந்த வருஷம், மாசிப் பௌர்ணமியன்று ஐயா என்னையும் சின்னம்மாவையும் படத்துக்குக் கூட்டிப் போனார். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உதவியாக இருக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், தம்பி எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பிப் போகவில்லை. தம்பியை வைத்துக்கொண்டு அம்மா வீட்டில் நின்றுகொண்டாள். போகும்போது, ராஜா ராணிப் படமாக இருந்தால் கதையை வந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கட்டளையும் இட்டாள்.

ராஜாவும் வரவில்லை, ராணியும் வரவில்லை. ரயிலில் வரவேண்டிய தமிழ்ப் படப்பெட்டிக்குப் பதிலாக இங்கிலீஷ் படப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்திருந்தது. கொட்டகை நிறையச் சனம். காசைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் கொட்டகைக்காரருக்கு இருக்கவில்லை. விளம்பரம் சொல்லிக்கொண்டு திரியும் தன் ஆளைத் திரைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நிறுத்தி, தமிழில் விளக்கம் சொல்லச் செய்தார். அந்த மனிதரும் அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதல்முறை பார்க்கிறார் என்பதும், அவருடைய இங்கிலீஷும் எங்களுடைய இங்கிலீஷும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதும் நாங்கள் அறியாத சங்கதிகள்.

படத்தில் பெரிய மாளிகை ஒன்றில் ஓர் இளம் துரை. பகலில் பூனை மாதிரிச் சாதுவானவர். "ஆனா முழுநிலவு எழும்பினா இவர் ஓநாயா மாறிப்போவார்" என்றார் விளக்கக்காரர். ஓநாய் என்றால் என்ன என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் கேட்டார். வன்னிக் காட்டில் யானை உண்டு, சிறுத்தை உண்டு, ஓநாயை யார் கண்டார்கள். விளக்கக்காரர் கொஞ்சம் யோசித்து, "எங்கட நரிக்கு மூத்த தமையன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. நரியைக் கண்டால் எங்கள் ஊரில் கோழிகள்தான் பயப்படும். சனம் அசையாததைக் கண்ட விளக்கக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, கரடி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். உடனே ஒரு சத்தமும் இல்லை. கரடி என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. யானை மிதித்தாலும் மிதிக்காமல் போனாலும் போகும், கரடி முகத்தைத்தான் பிராண்டும் என்பது கொட்டகையில் இருந்த குழந்தைகளுக்கும் தெரியும். அதன் பிறகு படம் முடியும்வரை துரை கரடியாகத்தான் மாறினார்.

பயமும் பகிடியும் கலந்த படம் அது. துரைக்குத் தான் மாறுவதே தெரியாது. காலையில் எழும்பிப் பார்த்தால் முகமெல்லாம் ரோமம். நாவிதனைக் கூப்பிட்டு அனுப்புவார். குட்டையான, முழி பிதுங்கிய, தன் நிழலுக்கே பயப்படுகிற நாவிதன். அவன் வலது கன்னத்தை வழித்துவிட்டு இடது கன்னத்துக்குத் திரும்புவான். இடதை வழித்து முடித்துப் பார்த்தால் வலது கன்னத்தில் பழையபடி காடு. கத்தியைப் பார்ப்பான், கண்ணாடியைப் பார்ப்பான், தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வான். சனம் மணலில் விழுந்து புரண்டு சிரித்தது. ஒருநாள் வழித்து வழித்தே பொழுதுபட்டு, அவன் பாதி வழித்திருக்கும்போதே ஜன்னலால் நிலவு வந்துவிட்டது. துரையின் கண் மாறியது, பல் நீண்டது. ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் ரோமமுமாக, சவர்க்கார நுரையோடு அவர் எழும்பி உறுமியபோது, சிரித்த வாயை மூட எனக்கு நேரமிருக்கவில்லை. அப்படியே சின்னம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தேன். அவளுடைய மடி குலுங்கிக்கொண்டே இருந்தது. அவள் பயத்தில் நடுங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

துரையைக் கட்டவிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவளுக்குப் படத்தில் ஒரேயொரு வேலைதான். துரையின் முகத்தைக் காணவேண்டும், வீரிட வேண்டும், ஓடவேண்டும். உயரமான சப்பாத்தோடு ஓடித் தடக்கி விழுந்தும் தொலைப்பாள். ஆண்கள் பக்கத்தில் ஒரு கிழவருக்குப் பொறுக்கவில்லை. "ஓடாதை பிள்ளை, ஓடாதை. குப்புறப் படுத்து மூச்சை அடக்கு" என்று எழும்பி நின்று சொல்லிக்கொடுத்தார். கரடிக்கு அதுதான் மருந்து. அவள் எங்கே கேட்டாள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் அந்தப் பயந்தாங்கொள்ளி நாவிதன்தான் கை நடுங்க நடுங்க, விடிவதற்குள் இரண்டு கன்னத்தையும் ஒரேயடியாக வழித்து முடித்துத் துரையை மீட்டான். சவரம் முடிந்தது, சாபமும் முடிந்தது என்று விளக்கக்காரர் படத்தை முடித்துவைத்தார்.

ஆனால் நடுவில் அவர் சொன்ன ஒரு சங்கதி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. துரை பிறக்கும்போதே அப்படியில்லை. காட்டில் ஒருநாள் கடிபட்டவர். "கடிபட்ட ஆள் உயிர் தப்பினாலும் தப்பேலாது கண்டியளோ. முழுநிலவு வந்தா அவரும் அதுதான்."

வெளியே வந்தால் வானத்தில் முழுநிலவு. அதற்காகவே நாள் பார்த்து வந்த சனம், வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. வாய்க்கால் கரை நெடுக யாரும் வழக்கம்போல் சளசளக்கவில்லை. ஐயா மட்டும் இரண்டு தரம் உறுமிக் காட்டி, இரண்டு தரமும் சின்னம்மாவிடம் பேச்சு வாங்கினார்.

அடுத்த நாளே எருமைக்காரர் எங்கள் களத்துக்கு வந்தார்.

வெட்டிய நெல்லைக் கட்டுக் கட்டாகக் களத்தில் அடுக்கி வைப்பார்கள். அதற்குச் சூடு என்று பெயர். அதைக் கலைத்துப் பரப்பி, எருமைகளைச் சுற்றிச் சுற்றி நடத்தினால் நெல் உதிரும். எங்களைப் போல வந்து குடியேறியவர்களிடம் எருமை இல்லை. உடையார்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு வந்து, சூடு மிதிப்பு முடியும்வரை எங்கள் பகுதியிலேயே கொட்டில் போட்டு இருப்பார். நல்ல உயரம், நல்ல கறுப்பு, முப்பது வயது இருக்கும். எருமைகளோடு அவர் கதைக்கும் கதையில் பாதிகூட மனிதர்களோடு கதைக்க மாட்டார். நாங்கள் வந்த முதல் வருஷம், ஐயாவுக்கு வயலில் எந்தப் பக்கம் நின்று எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாத நேரத்தில், கூடமாட நின்று உதவியவர் அவர்தான்.

எருமைக்காரர் சிறுவயதில் பாலைப்பழம் பறிக்கவென்று மரத்தில் ஏறியிருக்கிறார். அதே மரத்தில் மறு பக்கத்தால் ஒரு கரடியும் ஏறியிருக்கிறது. பழம் தின்னும் அவசரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கவனிக்கவில்லை. உச்சியில் சந்தித்தபோது கரடிதான் முதலில் கையை நீட்டியது. அவருடைய முகத்தின் இடது பக்கம் நெற்றியிலிருந்து தாடைவரை உழுத வயல் மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தில் ரோமம் முளைப்பதில்லை. வலது பக்கத்தில் மட்டும் தாடி அடர்ந்து நின்றது. யாரோடு கதைத்தாலும் அந்தத் தாடிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, மற்றப் பக்கத்தைத் திருப்பிவைத்திருப்பார்.

அதையெல்லாம் நான் முன்பே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு பயமும் இருக்கவில்லை. ஆனால் அன்று காலை அவர் எருமைகளோடு வேலிப் படலையைக் கடந்து வந்தபோது, எனக்குத் தெரிந்தது துரைதான். ஒரு கன்னம் மழித்தபடி, ஒரு கன்னம் ரோமத்தோடு, கடிபட்டுத் தப்பிய மனிதர். அவருக்குக் குடிக்கவென்று வைத்திருந்த தேத்தண்ணிச் செம்பை அப்படியே போட்டுவிட்டு, நான் எங்கள் சமையலறையான குசினிக்குள் ஓடினேன்.

இதில் இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. சின்னம்மாவைத் தனக்குத் தரமுடியுமா என்று எருமைக்காரர் அதற்கு முந்தின கிழமைதான், பக்கத்துக் களத்தில் சூடு மிதித்தபோது, ஐயாவிடம் கேட்டிருந்தார். நேரே முகம் பார்த்துக் கேட்கவில்லை, எருமையின் கொம்பைத் தடவிக்கொண்டு கேட்டாராம். ஐயாவுக்குச் சம்மதம். அம்மாவுக்கு இல்லை. ராத்திரியில் விளக்கைக் கொளுத்தினால் தன் தங்கச்சி அந்த முகத்தைக் கண்டு பயந்து சாவாள் என்றாள் அம்மா. அத்தோடு யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியமாமா, அம்மாவின் மூத்த தமையன், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் கிளாக்கர் ஒருவரைச் சின்னம்மாவுக்குப் பார்த்து வைத்திருந்தார். பங்குனி நிலவுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. சின்னம்மாவின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த நாளில் ஒரு குமர்ப்பிள்ளை வாய்திறந்து சொல்ல முடியாது. இவ்வளவும் குசினிக்குள் பெரியவர்கள் குசுகுசுத்தது, எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. ஐயா வென்றால் சின்னம்மாவைக் கரடி தின்னப் போகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "விசர்க்கதை கதையாமல் போய்த் தம்பியைப் பார்" என்றாள். ஐயாவிடம் சொன்னால் உறுமிக் காட்டுவார். கிணற்றடியில் சின்னம்மாவிடம் சொன்னேன். துரைக்கும் எருமைக்காரருக்கும் உள்ள ஒற்றுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. துலாக்கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"இது பெரிய விசயம். ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதை. முதல் வடிவா விசாரிப்பம்" என்றாள்.

"ஆர் விசாரிக்கிறது?"

"நான் அவரோட கதைக்கேலாது தானே. நீதான் தேத்தண்ணி கொண்டு போறனீ. நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு வா."

என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆள் என்னை அவ்வளவு மதித்துப் பேசியது அதுதான் முதல்தரம். பயம் ஒரு பக்கம் இருக்க, தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

விசாரணை மறுநாளே தொடங்கியது. தேத்தண்ணியையும் பனங்கட்டியையும் எட்ட வைத்துவிட்டு, ஓடுவதற்கு வசதியாக வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். முதல் கேள்வி, கோபம் வந்தால் என்ன செய்வார் என்பது. துரைக்குக் கோபம் வந்தால் மேசை நாற்காலி எல்லாம் பறந்ததைப் பார்த்திருந்ததால் அது எனக்கு மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது.

"ஆர் கேக்கச் சொன்னது?" என்றார் எருமைக்காரர்.

"சின்னம்மா."

அவருடைய கையில் இருந்த பனங்கட்டி வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. பிறகு, "கோவம் வந்தா வாய்க்காலில இறங்கி நிப்பன் எண்டு சொல்லும். எருமையளும் வந்து நிக்கும். கொஞ்ச நேரத்தில ஆருக்குக் கோவம் வந்தது எண்டு மறந்து போயிடும்" என்றார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகை நிறுத்திக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியைத் தந்தாள். வீட்டில் யார் சமைப்பது. அம்மா இருக்கிறா, அவவுக்குக் கண் தெரியாது, நானே சமைப்பன், குழம்புக்கு உப்புத்தான் எப்பவும் பிழைச்சுப்போகுது என்று பதில் வந்தது. உப்புக்கும் கரடிக்கும் உள்ள சம்பந்தம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் விசாரணை செய்பவர்களுக்கு ஒரு வழி இருக்கும் என்று விட்டுவிட்டேன். முழுநிலவில் எங்கே நிற்பார் என்று கேட்கலாமே என நானாகவே ஒரு கேள்வி கொடுத்தேன். சின்னம்மா அதையும் ஏற்றுக்கொண்டாள். அதற்கு அவர், "ஒரு இடத்திலயும் நிக்கிறேல்லை பிள்ளை. நிலவுக்கு முகம் நல்லாத் தெரியும். கொட்டிலுக்குள்ள படுத்திடுவன்" என்றார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நான் துள்ளினேன். சின்னம்மாவின் முகம் மட்டும் ஏனோ வாடிப்போயிற்று. அன்று முழுக்க அவள் ஒன்றும் கேட்டனுப்பவில்லை.

ஒருநாள் அவரே ஒரு கேள்வி கேட்டார். இடது பக்கத்தை எருமையின் பின்னால் மறைத்துக்கொண்டு, "உங்கட சின்னம்மாவுக்குக் கரடி எண்டாப் பயமோ?" என்றார்.

அதைச் சொன்னபோது சின்னம்மா அடுப்படியில் தனியாக இருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். அம்மா கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"கரடிக்குப் பயமில்லையாம் எண்டு சொல்லு. யாழ்ப்பாணத்துக்குத்தான் பயமாக் கிடக்காம்."

நான் சொன்னேன். எருமைகளின் பின்னால் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். எருமைகள் தம்பாட்டில் களத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் நிற்பதைப் பார்த்து அவையும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்தில் என்ன பயம், அங்கே காடுகூட இல்லையே என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

பங்குனி நிலவு நெருங்கிவிட்டது. சூடு மிதிப்பும் எங்கள் பகுதியில் அனேகமாக முடிந்துவிட்டது. பெரியமாமா பௌர்ணமியன்று பின்னேர ரயிலில் வருகிறார் என்று ஆள்மூலம் செய்தி வந்தது. அதற்கு முதல்நாள் சின்னம்மா கடைசிக் கேள்வியைத் தந்தாள். கேள்வியில்லை, கட்டளை. "அந்தத் தாடியை எடுக்கட்டாம். நாளைக்குப் பொழுதுபட, நிலவு எழும்பேக்க, எங்கட முத்தத்தில வந்து இருக்கட்டாம். முகத்தை ஒருக்கா முழுசாப் பாக்கவேணுமாம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. படத்தில் வந்த சவரச் சோதனை. வழித்த கன்னத்தில் நிலவு பட்டதும் ரோமம் முளைத்தால் கரடி, முளைக்காவிட்டால் மனிதர். சின்னம்மாவின் மூளையை மெச்சிக்கொண்டு களத்துக்கு ஓடினேன்.

எருமைக்காரர் கேட்டுவிட்டு, "முழுசாவோ?" என்றார்.

"ஓம், முழுசா."

"முழுசா எண்டே சொன்னவா?"

"ஓம் எண்டு சொல்லுறன் தானே."

அவர் போய் வாய்க்காலில் இறங்கி, குனிந்து, தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். நெடுநேரம் அப்படியே நின்றார். ஆளுக்குச் சோதனை என்றதும் பயம் பிடித்துவிட்டது, நாளைக்கு வரமாட்டார், கரடி என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று சின்னம்மாவிடம் அறிக்கை கொடுத்தேன். "வருவார்" என்றாள் சின்னம்மா. அன்றைக்கு அவள் தாளித்த குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள் என்று அம்மா சத்தம்போட்டாள்.

பெரியமாமா சொன்னபடி வந்தார். முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்து, கிளாக்கருடைய வீட்டையும், சம்பளத்தையும், அவர் வைத்திருந்த சைக்கிளையும் பற்றி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சைக்கிளுக்கு விளக்கும் உண்டாம். சின்னம்மாவின் உடுப்புகள் பெட்டிக்குள் ஏறிவிட்டன. விடிந்தால் பயணம். குசினிக் கதவோரம் அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு முதல்தரமாக அழுகை வந்தது. கரடி தின்றாலும் சின்னம்மா எனக்கு இல்லை, கிளாக்கர் கட்டினாலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொழுது படும் நேரம் படலை திறந்தது. எருமைக்காரர் வெள்ளை வேட்டி சால்வையோடு உள்ளே வந்தார். தாடி இல்லை. வலது கன்னம் வெட்டவெளியாக இருந்தது. இடது பக்கம் வழக்கம்போல இருந்தது. ஆனால் அதை அவர் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. ஐயா கதிரை கொடுத்தார். கிழக்கே பாலை மரத்துக்குப் பின்னால் நிலவு எழும்பும் திசையைப் பார்த்து, முகத்தை நேரே வைத்துக்கொண்டு அமர்ந்தார். பெரியமாமா ஒருமுறை பார்த்தார், சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டு, இந்த முறை விளைச்சல் எப்படி என்று வேலியிடம் விசாரித்தார்.

நிலவு வந்தது. நான் கதிரைக்கு அருகில் போய், அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கன்னத்திலிருந்து கண் எடுக்காமல் நின்றேன்.  ஓடினால் சின்னம்மாவை யார் காப்பாற்றுவது. தலைக்கு மேலால் பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். பெரியமாமாவின் குரல் உயர்ந்தது, ஐயாவின் குரல் இறங்கியது, காணி, சாதிசனம், முகம், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் சொற்கள் விழுந்தன. எருமைக்காரர் முகத்தை நிலவுக்கே வைத்திருந்தார். நிலவு மரத்தை விட்டு மேலேறி அவருடைய முகம் முழுக்க வெளிச்சமானது. நான் கன்னத்தை விரலால் தடவியும் பார்த்துவிட்டேன். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்.

"வளரேல்லை, சின்னம்மா. இவர் ஆள்தான்."

 என்ன வளரவில்லை என்று பெரியமாமா கேட்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, விசாரணை முழுவதையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். கோபம் வந்தால் வாய்க்கால், கண் தெரியாத தாய், பிழைத்துப்போகும் உப்பு, நிலவுக்கு ஒளிப்பது, தாடி எடுக்கச் சொன்னது. கரடிக்குப் பயமில்லை, யாழ்ப்பாணத்துக்குத்தான் பயம் என்பதையும் விடவில்லை.

"இதை ஆர் சொன்னது?" என்றார் பெரியமாமா.

"சின்னம்மா."

எல்லோருடைய கண்ணும் குசினிக் கதவுக்குப் போயிற்று. இல்லை என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சின்னப்பிள்ளை உளறுகிறது என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. தலை குனிந்தபடி, கதவை விட்டு அசையாமல் நின்றாள். அம்மாதான் முதலில் எழும்பினாள். உள்ளே போனாள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அதுவரை எருமைக்காரருக்கான தேத்தண்ணி என்னிடம்தான் தரப்படும். அன்று அவளே கொண்டுபோய், அந்த முகத்தைப் பார்த்து, "குடியுங்கோ" என்று கையில் கொடுத்தாள்.

பெரியமாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப நான் தனியத்தான் திரும்பிப் போகவேணும் போல. அந்தக் கிளாக்கருக்கு என்ன சொல்லுறது?"

"பொம்பிளையைக் கரடி கடிச்சுப்போட்டுது எண்டு சொல்லுங்கோ" என்றார் ஐயா.

பெரியமாமாவே சிரித்துவிட்டார். எருமைக்காரரும் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சிரித்தபோது வடு இழுபட்டு, உதடு ஒரு பக்கம் மேலேறி, நிலவில் அத்தனை பல்லும் பளீரென்று வெளியே வந்தன. திரையில் கண்ட அதே முகம். நான் அவசரப்பட்டு அறிவித்துவிட்டேன், ரோமத்தை மட்டும் பார்த்துப் பல்லைப் பாராமல் விட்டுவிட்டேன். குசினிக்கு ஓடிச் சின்னம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"சின்னம்மா, உள்ள வாங்கோ. பல்லைக் காட்டுறார்."

"தெரியும்" என்றாள் சின்னம்மா. "பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

வெள்ளைக்காரப் பெண்ணைப்போல அவள் வீரிடவில்லை. கிழவர் சொன்னதுபோலக் குப்புறப் படுத்து மூச்சை அடக்கவும் இல்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நேரே கண்ட பிறகும் ஒருத்தி ஓடாமல் எப்படி நிற்கிறாள் என்பது மட்டும், அவ்வளவு விசாரணை செய்த எனக்கு விளங்கவேயில்லை.